உடற்பருமன் குறைப்புச் சத்திரசிகிச்சை: முன்னும் பின்னும்

உடற்பருமன் உண்டு கொழுத்தோரின் நோய் என்னும் எண்ணம் எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. ஒருகாலத்திற் செல்வத்தின் அடையாளமாகவும், பின்னர் சோம்பலின் தண்டனையாகவும் அது கருதப்பட்டதேயன்றி, மக்களின் வாழ்நிலையோடு பிணைந்த ஒரு நோய்நிலையாக நோக்கப்பட்டது அருமை. இன்று அந்நோய்நிலைக்குச் சத்திரசிகிச்சையும் ஒரு பரிகாரமாக இலங்கைக்கு வந்து சேர்ந்துள்ளது. கொழும்பின் தனியார் வைத்தியசாலைகளில் மட்டுமன்றி அரசாங்கப் போதனா வைத்தியசாலைகள் சிலவற்றிலும் அது செய்யப்படுகின்றது. ஆயினும், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இதுபற்றி விசாரிக்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் கிடைப்பவை செவிவழிச் செய்திகளே. ஒருவர் “வயிற்றைத் தைத்துவிடுகிறார்களாம்” என்பார். இன்னொருவர் “கொழுப்பை வெட்டி எடுக்கிறார்களாம்” என்பார். இரண்டும் உண்மையல்ல. எனவே இச்சிகிச்சை யாது, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்வன யாவை, எம் சமூக நிலைமையில் அது எழுப்பும் வினாக்கள் எவை என்பவற்றை விளக்க முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோயின் பரப்பினை நோக்குவோம். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இராகமையில் அமைந்துள்ளது. (1980களின் தொடக்கத்தில் தனியார் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, மாணவர் போராட்டங்களின் பின்னணியில் 1989இல் அரசுடைமையாக்கப்பட்ட நிறுவனமே 1991இல் இப்பீடத்திற்கு அடித்தளமாயிற்று என்பது, இலவசக் கல்வியின் வரலாற்றை அறிந்தோர் மறக்கவொண்ணாத செய்தி.) இப்பீடத்தினர் 2007இல் இராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரிடையே ஒரு பெரும் ஆய்வினைத் தொடங்கினர். 2,985 பேரைப் பரிசோதித்தபோது அவர்களுள் 32.6 சதவீதத்தினரின் ஈரலில், மதுவினால் அல்லாது ஏற்படும் கொழுப்புப் படிவு காணப்பட்டது. மூவருள் ஒருவர் என்பது சிறிய தொகையன்று. அதற்குச் சற்று முன்னர், 2005-2006 காலத்தில் நடத்தப்பட்ட நாடளாவிய நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. “நாடளாவிய” என்ற சொல்லை இவ்விடத்திற் சற்று நிறுத்தி நோக்குதல் வேண்டும். யுத்தம் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. இலங்கைத் தமிழரின் உடல்நிலை பற்றிய எண்களிற் பலகாலம் ஒரு வெற்றிடம் இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பருமன் ஏன் பெருகிற்று என்ற வினாவுக்கு “மக்கள் அளவுக்கு மீறி உண்கிறார்கள்” என்னும் விடை போதாது. புனே நகரைச் சேர்ந்த வைத்திய ஆய்வாளர் யாஜ்ஞிக் குழுவினர், தென்னாசியக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் உடலிற் கொழுப்பின் பங்கு கூடியவையாக உள்ளன எனக் காட்டினர். மெலிந்த தோற்றத்தினுள் கொழுத்த உடல் என்று இதனைக் கூறலாம். கருவிலே பட்டினியை அறிந்த உடல், பின்னாளில் மாவும் சீனியும் மலிந்த நகர வாழ்வினுட் புகும்போது, கிடைத்ததையெல்லாம் சேமித்து வைக்கின்றது. தேயிலைத் தோட்டத்தில் எடை குறைந்து பிறந்து, கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு வந்து, பாணும் பருப்பும் சீனி கூடிய தேநீரும் இரவிற் கொத்துரொட்டியுமாக வாழும் மலையகத் தொழிலாளியிடம், ஒரே உடலிற் பசியும் பருமனும் சேர்ந்தே வரலாறு எழுதுகின்றன. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளில் மாலையில் உலாவ இடமில்லை. வெள்ளவத்தையின் மாடிக்குடியிருப்புகளிலோ கடற்கரை வீதி அருகிருந்தும், அதிற் காலாற நடப்பதற்கு வீட்டுப் பெண்ணுக்குப் பொழுதில்லை. இலங்கையிற் பருமன் ஆண்களைவிடப் பெண்களிடமே கூடுதலாகக் காணப்படுகின்றது. வீட்டார் அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவளின் நோய், “உண்டு கொழுத்தோரின் நோய்” எனப் பெயர் பெற்றிருப்பது முரண்நகையே.

இனி, சத்திரசிகிச்சை யாருக்கு உரியது என்பதை நோக்குவோம். எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீற்றரிற் கணித்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1991இல் வகுத்த அளவுகோலின்படி, சுட்டி 40க்கு மேற்பட்டோரும், நீரிழிவு முதலிய துணைநோய்கள் இருப்பின் 35க்கு மேற்பட்டோரும் இச்சிகிச்சைக்கு உரியோராயினர். இவ்வெண்கள் பெரும்பாலும் வெள்ளையர் உடல்களைக் கொண்டு வகுக்கப்பட்டவை. ஆசிய மக்களுக்குக் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இருதய நோயும் வருகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஏற்றுக்கொண்டது. 2022இல் சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் வெளியிட்ட புதிய நெறிகள் பொது எல்லையை 35 ஆகவும், வளர்சிதை நோயுள்ளோர்க்கு 30 ஆகவும் தாழ்த்தியதோடு, ஆசியருக்கு 27.5இலிருந்தே இச்சிகிச்சையை எண்ணிப் பார்க்கலாம் என்றன. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இது ஏறத்தாழ 70 கிலோ. இந்த எண்ணைக் கண்டு எவரும் அஞ்சவோ ஆசைப்படவோ வேண்டியதில்லை. எல்லையைத் தொட்டோர் அனைவரும் சத்திரசிகிச்சைக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் பொருளன்று. உணவு, உடற்பயிற்சி, மருந்து என்பன முறையாக முயலப்பட்டுப் பயன்தராதவிடத்து, துணைநோய்களின் கடுமையையும் நோக்கியே முடிவெடுக்கப்படும். மாப்பிள்ளை வீட்டார் வருமுன் மெலிய வேண்டும் என்பதற்காக இதனை நாடுவது, மருத்துவத்தைக் கலியாணச் சந்தையின் ஏவலாளாக்குவதாகும். இது அழகுக்கான சிகிச்சையன்று.

இச்சிகிச்சை தோன்றிய விதம் சுவையானது. 1950களில் அமெரிக்காவிற் சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கி இணைக்கும் முறை முயலப்பட்டது. எடை குறைந்தது; ஆனால் ஈரல் கெட்டு இறந்தோரும் உளர். நாளடைவில் அம்முறை கைவிடப்பட்டது. அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன், இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டோர் மீண்டும் எடை கூடாதிருந்தமையைக் கவனித்து, 1966இல் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படும். இன்று உலகில் மிகக் கூடுதலாகச் செய்யப்படுவது வேறொன்று. இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினை அகற்றி, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற ஒடுங்கிய குழாயாக விடுவது அது. பெரியதொரு சத்திரசிகிச்சையின் முதற்கட்டமாக வந்த இம்முறை, தனித்தே போதியது எனக் கண்டறியப்பட்டதால் நிலைபெற்றது. குழாய்முறை எனவும் மாற்றுவழிமுறை எனவும் இவற்றை இனிக் குறிப்போம்.

இவை வெறுமனே வயிற்றைச் சுருக்குவன எனக் கருதுவது முழுமையன்று. பசியைத் தூண்டும் கிறலின் என்னும் ஓமோன் பெரும்பாலும் அகற்றப்படும் இரைப்பைப் பகுதியிலேயே சுரக்கின்றது. மறுபுறம், உணவு விரைந்து சிறுகுடலை அடைவதால் நிறைவுணர்வைத் தரும் ஓமோன்கள் மிகுகின்றன. வட கரோலினாவைச் சேர்ந்த வோல்ரர் போரிஸ் 1995இல் வெளியிட்ட கட்டுரை, மாற்றுவழிச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளருட் பெரும்பாலோரின் குருதிச் சீனி வழமைக்குத் திரும்பியதையும், எடை குறையுமுன், சில நாட்களிலேயே அது நிகழ்ந்ததையும் எடுத்துக்காட்டி மருத்துவ உலகை வியக்க வைத்தது. 1987இற் சுவீடனில் தொடங்கி, ஈராயிரம் சிகிச்சை பெற்றோரையும் ஏறத்தாழ அதே தொகையினரான ஏனையோரையும் ஒப்பிட்டுத் தொடர்ந்த ஆய்வு, சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு குறைந்ததை 2007இற் காட்டியது. ஆயினும் நீரிழிவு “மாறிவிட்டது” என்று கூறுவது பொருந்தாது. பல ஆண்டுகள் இன்சுலின் ஏற்றியோருக்குப் பயன் குறைவு. தணிந்த நோய் சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் திரும்புவதுமுண்டு.

சிகிச்சைக்கு முன்னரான மாதங்களை நோயாளர் வெறும் காத்திருப்புக் காலமாக எண்ணுவர். உண்மையில் வேலையிற் பாதி அப்பொழுதே நிகழ வேண்டும். குருதிச் சீனி, ஈரல், சிறுநீரகம், தைரொயிட் என்பன பரிசோதிக்கப்படும். அகநோக்கி மூலம் இரைப்பையுள் புண்ணோ கிருமித் தொற்றோ உண்டா எனப் பார்க்கப்படும். கடுமையான குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலும் உள்ளோரை இனங்காணாது மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தானது. “அவர் நல்லாக் குறட்டை விட்டு நித்திரை கொள்ளுவார்” என்று வீட்டார் சிரித்துக்கொண்டு சொல்வது வைத்தியருக்கு முக்கியமான தகவல். இரும்புச்சத்து, விற்றமின் பி12, விற்றமின் டி என்பன ஏற்கெனவே குறைந்திருப்பின் முதலில் அவை ஈடு செய்யப்பட வேண்டும். பருத்த உடலிற் போசாக்குக் குறைவு இராது என்பது தப்பெண்ணம். உளநிலை மதிப்பீடு என்றவுடன் “எனக்கென்ன விசரா?” எனச் சினப்போர் உளர். மனவருத்தத்தின்போது உணவை நாடும் பழக்கம், மது, முன்னைய மனச்சோர்வு ஆகியவற்றை அறிவதே அதன் நோக்கம். எவரையும் விலக்குவதற்காக அது செய்யப்படுவதில்லை. புகைத்தல் சில வாரங்களுக்கு முன்னரே நிறுத்தப்பட வேண்டும். இறுதி இரண்டு வாரங்கள் மாச்சத்தும் கொழுப்பும் மிகக் குறைந்த உணவே தரப்படும். கொழுத்துப் பெருத்த ஈரல் இதனாற் சுருங்க, அதன் கீழே மறைந்திருக்கும் இரைப்பையைச் சத்திரசிகிச்சை நிபுணர் எளிதில் அணுகலாம். இவ்விரு வாரங்களில் ஒளித்துத் தின்பவர் வைத்தியரை ஏமாற்றுவதில்லை. தம் ஈரலைப் பெரிதாக வைத்திருக்கிறார், அவ்வளவே.

சத்திரசிகிச்சை நான்கைந்து சிறு துளைகளினூடாக, முழு மயக்க நிலையில், ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மணித்தியாலங்களிற் செய்யப்படுகின்றது. அன்று மாலையோ மறுநாளோ நோயாளர் எழுந்து நடக்க வைக்கப்படுவார். “பச்சை உடம்பு, படுத்திருக்கட்டும்” என்று உறவினர் தடுப்பது அன்பினாலாயினும் தீங்கானது. காலின் நாளங்களிற் குருதி உறைந்து நுரையீரலை அடைவது இச்சிகிச்சையின் பெரும் ஆபத்துகளுள் ஒன்று. மற்றையவை இரத்தப்போக்கும் தைத்த வரியிலிருந்து கசிவுமாகும். கசிவு நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே நிகழ்கின்றது எனினும், நிகழ்ந்தால் வாரக்கணக்கில் வைத்தியசாலையிற் கிடக்க நேரும். அமெரிக்காவிற் பத்து நிலையங்களில் 4,776 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று (2009) முதல் 30 நாட்களில் இறந்தோர் 0.3 சதவீதம் என்றது. பித்தப்பையை அகற்றும் சிகிச்சையின் ஆபத்தோடு பெரிதும் ஒத்த அளவு இது என நிபுணர் கூறுவர். ஆனால் அந்த எண் அனுபவமிக்க நிலையங்களுக்குரியது. 2024இற் சென்னைப் புறநகரின் தனியார் வைத்தியசாலையொன்றில் இச்சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தமையும், அதனையொட்டித் தமிழ்நாட்டு அரசு விசாரணை நடத்தியமையும் பலரும் அறிந்தவை. இலங்கையிலிருந்து மலிவு கருதித் தமிழகம் செல்லும் எம்மவர் கேட்க வேண்டியது கட்டணத்தை மட்டுமன்று. தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, சிக்கல் நேரின் இரவில் யார் பொறுப்பு, கொழும்பு திரும்பியபின் யார் பார்ப்பார் என்பனவே முதல் வினாக்கள். வீடு திரும்பியவருக்குக் காய்ச்சல், இடைவிடாத வயிற்றுவலி, தோள்மூட்டு வலி, மூச்சுத்திணறல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுதல் என்பவற்றுள் எது தோன்றினும், கசாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிராது உடன் வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

பின்னர் வருவது உணவு. எங்கள் சமையலறையோடு இச்சிகிச்சை மோதுமிடம் இதுவே. முதலிரு வாரங்கள் நீர்மம் மட்டும்: வடித்த இரசம், தெளிந்த சூப்பு, மோர், சீனியில்லாப் பால். அடுத்த இரு வாரங்கள் மசித்த உணவு: நன்கு அவிந்து கடைந்த பருப்பு, மசித்த மீன், தயிர். பின்னர் மென்மையானவை. ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களிலேயே வழமையான உணவு, அதுவும் ஒரு சிறு கோப்பையளவு. அன்றாடம் 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பதால், எதனையும் உண்ணுமுன் புரதத்தை உண்ண வேண்டும். சோற்றை மலையாகக் குவித்துக் கறியைத் தொட்டுக்கொள்ளும் எமது தட்டின் ஒழுங்கு இங்கே தலைகீழாகின்றது: கறி முதல், சோறு கடைசி, சில வேளை சோறே இல்லை. பாணும், குழைந்த சோறும், காய்ந்த கோழியிறைச்சியும் ஒடுங்கிய குழாயிற் சிக்கி நெஞ்சடைப்பதுண்டு. சைவ உணவினர்க்கு இடர் கூடுதல்; பயறு, கடலை, சோயா, தயிர், பாற்கட்டி என்பவற்றைத் திட்டமிட்டுச் சேர்க்காதவிடத்துப் புரதம் குறைந்து தசை கரையும். சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடிக்கும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். உண்டு அரை மணித்தியாலம் கழித்தே நீர். ஆனால் நாள் முழுவதும் சிறுசிறு மிடறாக ஒன்றரை லீற்றர் வரை அருந்தாவிடின் நீரிழப்பு நேரும். முதலாண்டிற் கந்தசட்டி போன்ற கடும் விரதங்களோ நோன்போ வைத்தியரைக் கேளாது மேற்கொள்ளத்தக்கவை அல்ல. மாற்றுவழிமுறை பெற்றவர் இனிப்புப் பலகாரம் உண்டால் சற்று நேரத்தில் வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம் ஏற்படலாம். தீபாவளி நாளில் “ஒரு துண்டுதானே” என்று வற்புறுத்தும் உறவினர் இதனை அறிந்திருத்தல் நன்று.

மருந்துகளிலும் மாற்றம் உடனடியானது. பழைய அளவிலேயே இன்சுலினும் நீரிழிவு மாத்திரைகளும் எடுத்தால் குருதிச் சீனி ஆபத்தாகத் தாழும். குருதி அமுக்க மருந்தும் மீளாய்வு செய்யப்பட வேண்டும்.

எடை முதல் ஆறு மாதங்களில் விரைந்தும், பின்னர் மெதுவாகவும் குறையும். ஒன்றரை ஆண்டளவில் மொத்த எடையின் நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை குறைவது பொதுவான அனுபவம். 100 கிலோ எடையுள்ளவர் 70-75க்கு வருவார்; 50க்கு வருவேன் என எதிர்பார்ப்பவர் ஏமாற்றத்தை விலைக்கு வாங்குகிறார். மூன்றாம் மாதமளவில் முடி கொட்டும். பெரும்பாலும் மீள வளரும். பித்தப்பைக் கற்கள் தோன்றலாம். குழாய்முறையின்பின் நெஞ்செரிவு சிலர்க்குப் பெருந்தொல்லையாகின்றது. தளர்ந்து தொங்கும் தோல் தானாகச் சுருங்குவதில்லை. கருத்தரிப்பை 12 முதல் 18 மாதங்கள் வரை தள்ளிவைக்க வேண்டும். எடை குறைந்ததும் மாதவிடாய் சீராகி எதிர்பாராது கரு உண்டாவதால் இதனைத் தம்பதியர் முன்னரே அறிய வேண்டும். மது விரைவில் தலைக்கேறும். புதிதாக மதுவுக்கு அடிமையானோரும் உளர். மனச்சோர்வு பலர்க்குக் குறைந்தாலும், சிலர்க்கு இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளிற் கடுமையாகத் திரும்புகின்றது. உணவிலே தேடிய ஆறுதல் பறிபோனபின் எஞ்சும் துயருக்கு வேறு வழி கிடையாதபோது இது நிகழ்கின்றது. “இப்ப மெலிஞ்சிட்டியே, இன்னும் என்ன கவலை?” என்று கேட்பது உதவாது.

விற்றமின்களை ஆயுள் முழுதும் எடுக்க வேண்டும் என்பதே நோயாளர் எளிதில் மறக்கும் விதி. பி12 குறைந்தால் கைகால் விறைக்கும். இடைவிடாது வாந்தியெடுப்பவர்க்கு தயமின் குறைந்து மூளையும் நரம்பும் சில வாரங்களிலேயே மீளாச் சேதமடையலாம். இவ்விடத்திற் பொருளாதார வினா எழுகின்றது. அரசாங்க வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை இலவசமாகலாம். அதன்பின் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகளும் புரத உணவும் இலவசமல்ல. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இந்நாட்டில் அத்தியாவசிய மருந்துகளே கிட்டாது, திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டதை நாம் கண்டோம். தொடர்ந்த மருந்து வழங்கலில் தங்கியுள்ள உடலொன்றை உருவாக்கும் சிகிச்சை, அவ்வழங்கலின் உறுதியையும் தன் கணக்கிற் சேர்த்தாக வேண்டும். பசியைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளைச் சத்திரசிகிச்சைக்கு மாற்றாகக் கூறுவோர் உளர். செமகுளுரைட் என்னும் மருந்து எடைக் குறைப்புக்கென 2021இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அவை பயன்தருவன, ஆயினும் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகின்றது, விலையோ நாட்கூலியாளர் எட்டக்கூடியதன்று.

மொழி பற்றியும் ஒரு சொல். அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்து, சத்திரசிகிச்சை பற்றிய “இரண வைத்தியம்” என்னும் நூலை 1867இலேயே தமிழில் வெளியிட்டார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும், கொழும்பிற் சிகிச்சை பெறும் தமிழ் நோயாளி தனக்குப் புரியாத மொழியிலுள்ள சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுவதும், உணவு விதிகளைப் பக்கத்துக் கட்டிலிலிருப்பவரிடம் கேட்டறிவதும் நிகழவே செய்கின்றன. மசித்த உணவுக் காலத்தை வழமையான உணவுக் காலமெனப் பிழையாக விளங்கிக்கொண்டால் தையல் வரியே கசியலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் மருத்துவ பீட மாணவரும் கூடி ஓரிரு தாளில் முடிக்கக்கூடிய பணி இது: வாரவாரியான உணவு அட்டவணை, ஆபத்து அறிகுறிகள், விற்றமின்களின் பெயரும் அளவும், குருதிப் பரிசோதனைக்கு வரவேண்டிய நாட்கள் - முதலாண்டில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்கள், அதன்பின் ஆண்டுதோறும் - இவற்றைப் பேச்சுவழக்குக்கு அண்மித்த தமிழில் அச்சிட்டு, வைத்தியசாலையை விட்டு வெளியேறும் நாளில் நோயாளியிடமும் வீட்டிற் சமைப்பவரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்தல்.